பேய் இல்லை என்று தெரிந்தும் பேய்க்கதை ஏன் இழுக்கிறது?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கினால் இப்படி வரும். குடியாத்தம் பக்கம் சொந்த ஊர். வேலூரில் விடுதியில் தங்கி மூன்றாம் வருடம் படிக்கிறீர்கள். பேய் பிசாசில் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கைபேசியில் பேய்க்கதை தேடித் தேடிக் கேட்கிறீர்கள். கேட்டு முடித்ததும் வராந்தாக் கோடியில் இருக்கிற கழிப்பறைக்குத் தனியாகப் போகக் கால் வருவதில்லை. ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் பாட்டி சொன்ன புளியமரத்துப் பேய் இன்னும் மறக்கவில்லை. "மக்களுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆசை? எனக்கு ஏதாவது கோளாறா?" என்று முடித்திருந்தீர்கள்.

பேய் உண்டா இல்லையா என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் அந்தப் பக்கம்தான் பாய்வார்கள். "மக்களுக்கு ஏன்" என்பதும் ஒரு மேல்துண்டுதான், உள்ளே இருப்பது உங்கள் சொந்தக் கேள்வி. நம்பாத ஒன்றுக்கு ஏன் பயப்படுகிறேன்? பயப்படுகிற ஒன்றை ஏன் தேடிப் போகிறேன்? இரண்டும் வேறு வேறு முடிச்சு. முதலாவதை அவிழ்ப்பது சுலபம். இரண்டாவதில் பாதிதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். மீதிப் பாதி நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து நானாக எண்ணிக்கொண்டது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 26 வருடம் மருத்துவ உளவியலாளராக வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. நாட்டார் வழக்காற்றை முறையாகப் படித்தவனும் இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதெல்லாம் ஊரில் பிறந்து வளர்ந்ததால் வந்த கேள்விஞானம். கீழே வருகிற ஆட்களின் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் முடிச்சு. நம்பிக்கை ஒரு பக்கம் ஓடுகிறது, பயம் இன்னொரு பக்கம் ஓடுகிறது. பயம் எழும்போது அது நம்பிக்கையிடம் வந்து அனுமதி கேட்பதில்லை. டார்வின் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒரு விரியன் பாம்புக் கூண்டின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பாம்பு சீறினாலும் பின்வாங்குவதில்லை என்று முடிவோடு நின்றார். நடுவில் கெட்டிக் கண்ணாடி, கடிக்க வழியே இல்லை. பாம்பு கொத்த வந்ததும் துள்ளிப் பின்னால் போய் விழாத குறை. உணர்ச்சிகளைப் பற்றி 1872-இல் வெளியிட்ட நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். உலகத்தின் பெரிய அறிவாளிகளில் ஒருவருக்கே புத்தி அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. நீங்கள் வராந்தாவில் நிற்கும்போதும் இதேதான் நடக்கிறது. ஆபத்து என்று சந்தேகப்பட்டாலே உடம்பைத் தயார்ப்படுத்துகிற ஏற்பாடு மூளையில் பழசு. யோசித்து "அட, ஒன்றுமில்லை" என்று சொல்கிற ஏற்பாடு அதைவிடத் தாமதமாக வருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் உங்கள் ரோமம் சிலிர்க்கிறது. அதனால் பேயை நம்பாதவன் பேய்க்குப் பயப்படுவதில் முரண்பாடு எதுவும் கிடையாது, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

தொல்காப்பியத்தில் அச்சம் வருவதற்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் இங்கே அரசன். விலங்கு காட்டோடு நின்றுவிட்டது, அரசன் போய்விட்டான், கள்வரைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. முதலாவதாகச் சொன்ன அணங்கு மட்டும் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

இனி, ஏன் தேடிப் போகிறோம் என்பது. இதில் உடம்பு சம்பந்தப்பட்ட பாதி ஓரளவு தெளிவானது. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை குளிரும், காது கூர்மையாகும். ஆபத்து நிஜமில்லை என்று தெரிந்ததும் அந்தப் படபடப்பு உடனே வடிந்துவிடாது. கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும், அந்த மிச்சம் சிரிப்பாகவும் குஷியாகவும் மாறும். ராட்டினத்திலிருந்து இறங்கினவர்கள் காரணமில்லாமல் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காசு கொடுத்துப் பயப்படுகிற ஒரு பேய்வீட்டுக்குள் 110 பேரை அனுப்பி, அவர்களுடைய இதயத் துடிப்பை அளந்தார்கள். 2020-இல் வந்த ஆய்வு அது. பயம் ரொம்பக் குறைந்தாலும் ரசிக்கவில்லை, ரொம்ப அதிகமானாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில்தான் ரசித்தார்கள். சாம்பாரில் உப்பு மாதிரி. உங்கள் விஷயத்திலும் கவனித்துப் பாருங்கள்: கதையை எந்த நேரத்தில் நிறுத்தலாம், சத்தத்தை எவ்வளவு குறைக்கலாம், அறையில் நண்பன் விழித்திருக்கிறானா என்று எல்லாம் பார்த்துத்தானே கேட்கிறீர்கள்? உப்பின் அளவு உங்கள் கையில் இருக்கிறது. வராந்தாவில் அது கையை விட்டுப் போகிறது, அதனால்தான் அங்கே ரசனை நின்று வெறும் பயம் மிஞ்சுகிறது.

கூட்டமும் இதில் சேரும். நான் வளர்ந்த தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. ராத்திரி சாப்பாடு ஆனதும் பெண்கள் ஒரே திண்ணையில் கூடுவார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரிக்கோல். ஆயிரம் பீடி கணக்கு முடிய வேண்டும், கண் சொக்கும். அந்த நேரத்தில்தான் யாராவது ஒரு அத்தை ஆரம்பிப்பாள்: "அன்னிக்கி இன்னா ஆச்சி தெர்யுமா..." அவ்வளவுதான், தூக்கம் ஓடிவிடும். கை மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு கிடப்போம். வேலை கெடாமல் விழித்திருக்க அவர்களிடம் டீத்தூள் இல்லை, கதை இருந்தது என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்தில் பக்கத்தில் இருக்கிறவளின் சூடு கலந்திருந்தது. நீங்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் போர்வைக்குள் கேட்பது அதே கதைதான், ஆனால் திண்ணை இல்லாமல்.

கூட்டமாகப் பயப்படுவதை நம்ம ஊரில் திருவிழாவாகவே வைத்திருக்கிறார்கள். மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்து வருகிற மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்குப் போயிருப்பீர்கள். அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள். காளி வேஷம் கட்டினவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு முன்னால் ஆடுகிறார்கள். சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் வாரி இறைக்கிறார்கள். மற்ற நாளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத பெண்களும் குழந்தைகளும் அன்றைக்குச் சுடுகாட்டு மண்ணில் நடக்கிறார்கள், பலூன் வாங்குகிறார்கள். அன்றைக்கு அங்கே பயந்து அழுத குழந்தையைத் தூக்கிச் சாமி முன்னால் காட்டுவார்களே தவிர யாரும் வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள்.

அப்புறம் அடிக்கடி சொல்லப்படுகிற சில விளக்கங்கள் உண்டு. அவற்றை அப்படியே விழுங்க வேண்டாம். காற்றில் இலை அசைந்தாலும் "யாரோ இருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்ட முன்னோர்தான் புலியிடமிருந்து தப்பித்தார்கள், அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் பேய் என்பது ஒன்று. கேட்க அழகாக இருக்கிறது. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைச் சோதித்து நிரூபிப்பது கஷ்டம், நிரூபித்ததாகச் சொல்லுமளவுக்கு ஆதாரமும் சேரவில்லை. காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வொலிதான் பழைய கட்டடங்களில் பேய் இருக்கிற உணர்வைத் தருகிறது என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் ஒரு பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்து மின்விசிறியிலிருந்து வந்த 19 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கண்டுபிடித்து 1998-இல் எழுதியதிலிருந்து இது பிரபலம். அப்புறம் லண்டனில் வேண்டுமென்றே அப்படி ஓர் அறையைக் கட்டி 79 பேரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். விநோத உணர்வுகள் பலருக்கும் வந்தன. ஆனால் அதிர்வொலி இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அவை மாறவில்லை. "இங்கே ஏதாவது நடக்கும்" என்று முன்கூட்டியே சொன்னதே போதுமாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. கொள்ளிவாய்ப் பிசாசு என்றால் சதுப்புநில வாயு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும். அந்த வாயு தானாக எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தண்ணீர் இல்லாத ஆறு என்று பேர் வாங்கின பாலாற்றங்கரைக்கு அந்த விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் உங்கள் நெஞ்சின்மேல் உட்கார்ந்தது யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். நம்ம ஊரில் அதற்குப் பெயர் அமுக்குவான். கனவு காண்கிற தூக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை தளர்த்தி வைத்துவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடுவோம். சில நேரம் அந்தப் பூட்டு திறப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண் பார்க்கிறது, அறை தெரிகிறது, கையைத் தூக்க முடியவில்லை, வாய் திறந்து கத்த முடியவில்லை. நினைத்தபடி ஆழமாக மூச்சு இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம் மாதிரி இருக்கிறது. கனவின் மிச்சம் அந்த அறைக்குள்ளேயே உருவமாக வந்து நிற்கிறது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ விட்டுவிடும். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வந்த ஒரு கணக்குப்படி, பொதுமக்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு. மாணவர்களுக்கு ஏன் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் தூக்கம் உங்களுக்கே தெரியும். கண்ட நேரத்தில் தூங்குவது, தூக்கம் குறைவது, மல்லாந்து படுப்பது மூன்றும் இதை வரவழைக்கும். இது பைத்தியத்தின் அறிகுறி இல்லை. ஒருக்களித்துப் படுங்கள். மறுபடி வந்தால் கைகாலை உதறப் போராடாமல் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். பலருக்கு அது உதவியதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது கைவைத்தியம் மாதிரிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் "பயம் ஏன் ருசிக்கிறது" என்பதற்குப் பதில். பயம்தான் ருசி என்றால் புலிக்கதை போதுமே, விபத்துக் கதை போதுமே. ஏன் பேய்? இங்கேதான் என் சொந்த எண்ணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியூர்ப் படங்களில் பேய் வந்தால் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். நம்ம பக்கம் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்றால் முதலில் கேட்கிற கேள்வி "யாரு?" என்பது. பம்பை மேளம் அடித்துப் பேய் ஓட்டுகிற பம்பைக்காரர் வருவார், உடுக்கை அடிப்பார், சாமியை அழைப்பார். அவள் தலைமுடியை விரித்துப்போட்டு ஆடத் தொடங்கியதும் கேள்வி ஆரம்பமாகும்: "யாரு நீ? எந்த ஊரு? எங்க புட்ச்ச? எப்போ புட்ச்ச? இன்னா வோணும் ஒனக்கு?" பேரும் ஊரும் சொல்லாத பேயை ஓட்ட முடியாது என்பது தொழில் விதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும். நாலைந்து வருடம் கழித்து, ஒரு மத்தியானம் ஒரு புது மணப்பெண்ணிடம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. பெயர் என்ன, ஊர் எது, எப்போதிலிருந்து, எங்கே இருக்கும்போது முதலில் வந்தது, உனக்கு என்ன வேண்டும் என்று நானும் அதே கேள்விகளை அதே வரிசையில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன, என்னிடம் உடுக்கை இல்லை. அவளும் எனக்குச் சொல்லாத பதிலைப் பம்பைக்காரருக்குச் சொல்லியிருந்தாள்: பேய் அவள் வாய்வழியாக "எனக்கு எங்கம்மா வூட்டுக்குப் போவணும்" என்று ஊரே கேட்கச் சொல்லியிருக்கிறது. மருமகள் சொன்னால் அடி விழும். பேய் சொன்னால் கொண்டுபோய் விடத்தான் வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பழைய தென்னாற்காட்டுப் பக்கம் இந்தச் சடங்குகளைக் கூடவே இருந்து பார்த்த இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளரும், பேய் பிடிக்கிறவர்களில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் நிறைய என்றும், பிடிக்கிற பேய்கள் பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல் அகாலத்தில் செத்த இளைஞர்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர் இந்தச் சடங்கைப் பெண்ணுக்கு ஆறுதல் என்று பார்க்கவில்லை, அவளை மறுபடி கணவன் வீட்டுக்குள் மடக்கிப் போடுகிற வேலை என்றே பார்த்தார். எனக்கு இரண்டும் நடப்பதாகத் தோன்றுகிறது. எது எவ்வளவு என்று நிறுத்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

யார் பேயாகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நூறு வயது வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்துச் செத்தவர் பேயாக வருவதில்லை. பிரசவத்தில் செத்தவள், கல்யாணமாகாமல் செத்தவள், கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவன், அடித்துப் போடப்பட்டவன். கணக்கு முடியாதவர்கள். அரக்கோணம் பக்கம் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் கையால் செத்த பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். ஒரு கட்டையைக் குழந்தையாக மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று ஊர்ச் சபை முன்னால் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அந்தக் கண்ணீரை நம்பி, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனைச் சமாதானம் செய்து அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். சொன்ன வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது என்றால் எவ்வளவு பழசு என்று பாருங்கள். பொய் அழுகைக்கு "நீலிக் கண்ணீர்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். எனக்கு இதில் ஒரு வருத்தம். ஏமாற்றுகிறவள் என்றே அவளை ஞாபகம் வைத்திருக்கிறோம், கொலையானவள் என்பதை மறந்துவிட்டோம். ஆனால் கதை கேட்கிறவன் மனதில் அது மறப்பதில்லை. பயந்துகொண்டே கேட்கும்போதும் உள்ளுக்குள் ஒரு பக்கம் அவளுக்காகத்தான் நிற்கிறது. உயிரோடு இருந்தபோது பஞ்சாயத்தில் நிற்காத வழக்கு செத்த பிறகு நிற்கிறது. பேய்க்கதையின் இழுப்பில் பெரிய பங்கு இதற்குத்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்றாகக் கோட்டையைச் சொல்வேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் செத்தார்கள். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அதைவிட அதிகமான நம்மவர்களைக் கொன்று தீர்த்தது. ஒரே நாளில் அத்தனை துர்மரணம். அகழியைச் சுற்றிப் பேயாகத் திரிய வேண்டாமா? 26 வருடத்தில் என்னிடம் வந்தவர்களில் ஒருத்தர்கூடச் சிப்பாய்ப் பேயைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. தெருக்கோடிக் கிணற்றில் விழுந்த ஒற்றைப் பெண்ணைப் பார்த்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். சிப்பாய்களுக்கு வேலூர் மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இடம் இருக்கிறது. அவளுக்கு எதுவும் இல்லை. இது என் காதில் விழுந்த கணக்கு மட்டும்தான். கோட்டைக்குள் ராத்திரிக் காவல் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை வரலாம்.

எதுவும் இல்லை என்று சொன்னது முழு உண்மையில்லை. நம்ம வடாற்காட்டுப் பக்கம் பல வீடுகளில் பூவாடைக்காரி உண்டு. பூவும் மஞ்சளுமாகச் செத்த பெண்ணையோ கன்னியாகச் செத்தவளையோ வீட்டுத் தெய்வமாக வைத்து, நல்ல காரியத்துக்கு முன்னால் பம்பை அடித்து நீர்நிலையிலிருந்து அழைத்து வந்து, புதுச்சேலை, வளையல், பூ, மஞ்சள் வைத்துப் படைப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு மூங்கில் பெட்டிக்குள் சேலை இருந்தது. திண்ணையில் என் பாட்டி அடிக்கடி சொல்கிற கதை, கிணற்றுமேட்டில் ராத்திரி தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. சீப்பைக் கேட்பாளாம், கொடுத்தால் போச்சாம். பத்து வயதுவரை அந்தக் கிணற்றுப் பக்கம் நான் போனதில்லை. வேலைக்குப் போன பிறகுதான், பேச்சுவாக்கில் என் அப்பா சொன்னார்: கிணற்றில் விழுந்தது பாட்டியின் தங்கை, பதினாறு வயது. பெட்டியில் இருக்கிற சேலையும் அவளுக்குத்தான். ஏன் விழுந்தாள் என்று அப்பாவுக்கும் தெரியாது; பாட்டி வாய் திறந்ததில்லை. ஒரே பெண்ணைப் பூஜையறையில் தெய்வமாகவும் திண்ணையில் பேயாகவும் வைத்து, பாட்டி ஐம்பது அறுபது வருடம் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். தங்கை என்று மட்டும் சொல்லவில்லை.

இறந்தவரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிற ஆசையும் இதற்குள்ளே இருக்கிறது, அது பயத்தைவிடச் சத்தம் குறைவாக இருக்கும். 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக வேல்ஸ் நாட்டில் ஒரு கிராமத்து டாக்டர், துணையை இழந்த 293 பேரைப் பார்த்துப் பேசினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், செத்துப்போனவர் பக்கத்தில் இருக்கிறதை உணர்ந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடம் ஒரு பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி போய் ஏழு மாதம். விடியற்காலை நாலரைக்குச் சமையலறையில் வளையல் சத்தம் கேட்கிறது என்றார். "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார், எழுந்து போய்ப் பாத்தா நின்னுடுது, அதான் இப்பல்லாம் எழுந்திருக்கறதில்ல" என்றார். நான் எந்தச் சிகிச்சையும் சொல்லவில்லை. சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வெளியில் போய் நாலு பேரோடு பேசுகிறாரா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

எங்கே கோடு போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சடங்கின்போது, நாலு பேர் நடுவில், வழக்கப்படி சாமி வந்து இறங்குவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே நோயாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் யாரும் இல்லாதபோது குரல் கேட்டுக்கொண்டே இருப்பது, அந்தக் குரல் இதைச் செய் அதைச் செய் என்று ஏவுவது, பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் தூங்காமல் ஏதேதோ பேசுவது, வாயில் நுரை தள்ளி வெட்டி வெட்டி இழுப்பது, இதெல்லாம் முனி அறைந்தது இல்லை. உடனே ஆஸ்பத்திரி. வலிப்பு நோயுள்ள பிள்ளையை மூன்று வருடம் கோயில் கோயிலாகத் தூக்கி அலைந்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. தாயத்து கட்டுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, "தாயத்தும் இருக்கட்டும், மாத்திரையும் சாப்பிடு" என்பதுதான் என் வழக்கம். சங்கிலிக்கு மட்டும் சமாதானம் கிடையாது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் 14416-க்கு அழைக்கலாம், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

நீங்கள் எழுதியதில் அந்த மாதிரி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுத்தை வைத்து ஓர் ஆளை எடைபோடக் கூடாதுதான். இருந்தாலும் கோளாறு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கதையைப் பதினோரு மணிக்குக் கேட்பதற்குப் பதில் ஏழு மணிக்குக் கேளுங்கள், முடிந்தால் அறை நண்பர்களோடு. ருசி குறையாது, தூக்கமும் கெடாது. வராந்தா விளக்கு எரியவில்லை என்றால் வார்டனிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள், அது மானக்கேடு இல்லை. அப்புறம், பாட்டி இன்னும் ஊரில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை போகும்போது, புளியமரத்தில் இருந்தது யார், அவளுக்குப் பேர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நான் என் பாட்டியிடம் கேட்கவில்லை. பெட்டியில் இருக்கிற சேலைக்கு இப்போதும் பொங்கலுக்குப் படைக்கிறோம், பேர் தெரியாமலே.